குடையின் கீழ் நிற்பது யார்?

அமெரிக்காவில் வீடு வாங்குவோரிடம் காப்பீட்டு முகவர்கள் 'அம்பர்லா பாலிசி' ஒன்றையும் சிபாரிசு செய்வதுண்டு. பெயரைக் கேட்டதும் மழை, நெருப்பு அனைத்திலிருந்தும் வீட்டைக் காக்கும் குடை என்று எண்ணிவிடுவோர் பலர். சொந்தக் கூரை பறந்தால் அது ஒரு சென்ட்டும் தராது. வீட்டுக்காரரால் பிறருக்கு நேர்ந்த தீங்குக்கு மட்டுமே அது பொறுப்பேற்கும்.

ஒருவரது நீச்சல் குளத்தில் அண்டை வீட்டுக் குழந்தை விழுந்து ஊனமுறுகிறது. நீதிமன்றம் 9 லட்சம் டாலர் ஈடு விதிக்கிறது என்று கொள்வோம். வீட்டுக் காப்பீட்டின் பொறுப்பு வரம்பு 3 லட்சம் எனில், எஞ்சிய 6 லட்சத்தை 10 லட்சத்துக்கு எடுத்த குடை ஏற்கும். குழந்தை கேளாமல் நுழைந்தது என்ற வாதம் பல மாநிலங்களில் எடுபடுவது கடினம். சிறுவரை ஈர்க்கும் ஆபத்தைக் காவலின்றி விட்டவரே பொறுப்பு என்னும் கோட்பாடு, 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களைத் திருப்பும் சுழல்மேடைகளில் சிறுவர்கள் அடிபட்ட வழக்குகளில் வேரூன்றியது.

கட்டட ஒப்பந்தக்காரரின் குடை வேறு. அது அவரது வணிகப் பொறுப்புக் காப்பீட்டின் மேல் விரிவது. சாரம் சரிந்து வழிப்போக்கர் காயமுற்றால் உதவும். அவர் எழுப்பிய சுவரே கோணல் என்றால், அதைத் திருத்தும் செலவைப் பொதுவாக ஏற்காது. (வீடு இடிந்து உரிமையாளரின் மகன் இறந்தால் கட்டியவனின் மகனைக் கொல்லச் சொன்ன ஹமுராபியின் சட்டத்துக்கு இது எவ்வளவோ மேல்.) வேலை தரும் வீட்டுக்காரர், காப்பீட்டுச் சான்றிதழை ஒப்பந்தக்காரர் கையிலிருந்து வாங்காமல் முகவரிடமிருந்தே வரவழைத்து, வரம்பையும் தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இதை அச்சத்தை விற்கும் வணிகம் என்று ஏளனம் செய்வோருடன் நமக்கு உடன்பாடில்லை. தம் சொத்தைக் காக்கவே ஒருவர் குடை வாங்குகிறார். அதன் கீழ் ஒதுங்குபவரோ, அவர் முகமறியாத ஒருவர். ஒன்றுமில்லாதவர் மீது பெற்ற தீர்ப்பு வெறுங்காகிதம்தானே!

நம் மனக்குறை வேறு. இழக்கச் சொத்துள்ளவரே குடையைத் தேடுகிறார். அதே குழந்தை இரண்டு தெரு தள்ளி, குடையில்லாத வீட்டுக் குளத்தில் விழுந்திருந்தால்? பெரும்பாலான மாநிலங்கள் கார் ஓட்டுபவர் பிறருக்கான பொறுப்புக் காப்பீடு எடுத்தாகவேண்டும் என்கின்றன. வீட்டுக்காரருக்கு அத்தகைய பொதுச் சட்டமில்லை. கடன் கொடுத்த வங்கி காப்பீடு கேட்பது தன் அடமானத்துக்காக. குளம் வெட்ட அனுமதி தரும் நகராட்சி, அந்தத் தாளோடு இதையும் கேட்கட்டும்.