ஆளில்லாத தீவுல கட்டுச்சோறு

லீவுக்கு வர்ற பட்டணத்துச் சொந்தங்கள் கேட்கிறது ஒண்ணுதான்: "ஆளே இல்லாத தீவுல ஒருநாள் கட்டுச்சோறு சாப்பிட்டு வரலாமா?"

ஆசை நியாயம்தான். ஆனா மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. நினைச்ச தீவுல இறங்க முடியாது. கடல்பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களுக்கே அங்கே தடை இருக்கு. அவங்க வயித்துக்கு மூடின கதவை, நம்ம பொழுதுபோக்குக்குத் திறக்கச் சொல்றது நியாயமா?

சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டு தீவும் கடலுக்குள்ள போயிடுச்சு. அலையைத் தடுக்கிற வரப்பு அந்தப் பாறைதான். வரப்பை வெட்டினா வயல் நிக்குமா?

பார்க்கணும்னா வனத்துறை அனுமதிக்கிற இடத்துக்கு, அவங்க படகுல போங்க. கண்ணாரப் பாருங்க. சோத்து மூட்டையை மட்டும் இக்கரைக்கு வந்து பிரிங்க.