பழம்பொறியிற் புதுத்தமிழ்

கைத்தொலைபேசிக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளர். சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையாவை அன்னோர் மறந்தனர் போலும். ஆங்கிலத்துக்கென அமைந்த தட்டச்சுப் பொறியிலே நம் 247 எழுத்துக்களையும் அடக்க முனைந்தவர் அவர். அதற்கு அவர் கண்ட உபாயம் நகரா விசை. புள்ளியை அடித்தால் உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும்.

அவ்வகைப் பணியையே விசைப்பலகையுடைய பழைய திறன்பேசிகளில் இளைஞர் சிலர் இன்று செய்கின்றனர். கருவிக்குள் உறைந்து அதனை இயக்கும் நிரலுக்கு நிலைப்பொருள் என்று பெயர். ஆக்கியோன் இட்டதை அகற்றிப் பிறர் ஆக்கியதை இடுதலே அவர் தொழில்.

2008இல் வெளிவந்த எச்.டி.சி. டிரீம் என்னும் கருவியின் கதை சுவையானது. திரையை ஒதுக்கினால் ஐந்து வரிசை விசைகள் தோன்றும். அவற்றில் எதைத் தட்டினாலும், அச்சொல் கருவியின் தலைமை அதிகாரத்துக்கும் மறைவாகக் கட்டளையாய்ச் சென்றது. நண்பனுக்கு 'ரீபூட்' என்று எழுதினால் கருவியே அணைந்து மீள எழும்! அவ்வழுவே பூட்டுக்குத் திறவுகோலாயிற்று. (வழுவமைதி இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று.) 2009இல் ஸ்டீவ் கொண்டிக் 'சயனோஜன்மோட்' என்னும் நிலைப்பொருளைத் தொடக்கினார். உரியவர் 1.6ஆம் பதிப்போடு கைவிட்ட அக்கருவிக்கு 2.2ஆம் பதிப்பு அவ்வழியே கிடைத்தது. 2016 இறுதியில் அம்முயற்சி நின்றது. அதன் வழிவந்த 'லினேஜ் ஓ.எஸ்.' தொடர்கின்றது.

தமிழுக்கு இதில் என்ன? 'கெ' என்பதிலே கொம்பு முன்னே நிற்கக் காண்கிறோம். ஆயின் யூனிகோடு முறையிலே ககரம் முதலாகவும் எகரக் குறி அதன் பின்னாகவும் சேமிக்கப்படும். உயிர்மெய்யில் மெய் முந்தியும் உயிர் பிந்தியும் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் கண்ட முறையும் இதுவே. கொம்பை இடம் மாற்றி வரையும் நிரல் கருவியில் இல்லையேல், எழுத்துருவை மட்டும் புகுத்துவதாற் பயனில்லை. கொம்பு பின்னே கிடந்து தடுமாறும். பழங்கருவிகளில் நம் தமிழ் அவ்வாறுதான் சிதைந்து கிடந்தது. புதிய நிலைப்பொருளே அதனைச் சீர்செய்ய வல்லது.

பூட்டு பாதுகாப்புக்கே என்பர் விற்போர். கருவி பேணப்படுங்காலத்து அது மெய். பூட்டைத் திறந்த கருவி கள்வனுக்கு எளிதாதலும் மெய். ஆயினும், பாதுகாப்புத் திருத்தங்களையே நிறுத்திவிட்டபின் பூட்டை மட்டும் விட்டுவைப்பது என்ன நீதி? பேணுதலை நிறுத்தும் நாளிலே திறவுகோலை வாங்கியவனிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதனைச் சட்டமாக்கவும் வேண்டும் என்பேன். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோதும், 2022இன் பொருளாதார நெருக்கடியிலும், ஒரு கைத்தொலைபேசிக்கு ஏங்கிய பிள்ளைகளை நாம் கண்டோம். மின்சாரமற்ற தொண்ணூறுகளில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தார்க்குப் பழையதைப் பயன்கொள்ளும் வித்தையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும் அவசரம் ஆகாது. மாதிரி எண் ஒவ்வாத நிலைப்பொருளை இட்டாலோ, இடும்போது மின்கலம் ஓய்ந்தாலோ, கருவி வெறுஞ் செங்கல்லாகிவிடக்கூடும். உள்ளிருப்பவற்றை முதலிற் படியெடுத்துக்கொள்க. நிரலை அதனை ஆக்கியோரிடமிருந்தே பெறுக. ஆங்கில விசைகளின்மேல் ரெங்கநாதன் முறைப்படி எழுத்துக்களைச் சிறு தாள்களில் எழுதி ஒட்டும் வேலையை எம்மனோரிடம் விட்டுவிடலாம்.