ஒத்திகைக்கு ஒரு தீர்ப்பு

நாடகக் கொட்டகையின் பின்புறத்தில் ஒத்திகை நடக்கிறது. யாரும் வேஷம் போடவில்லை. பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம் ஆகவில்லை. கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவனுடைய இடத்தில் வேறு யாரோ நின்று ஒப்பிக்கிறான். இதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போய், ‘நாடகம் படுதோல்வி; கதாநாயகனுக்கு நடிக்கத் தெரியவில்லை’ என்று விமரிசனம் எழுதினால், அவரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

அமெரிக்காவில் ஒவ்வொரு வசந்தத்திலும் லட்சக்கணக்கான பேர் இந்தக் காரியத்தைத்தான் செய்கிறார்கள். நாடகத்தில் அல்ல, கல்லூரிக் கால்பந்தில்.

கால்பந்து என்றதும் நமக்குத் தெரிந்த ஆட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், வேலை பெரும்பாலும் கைக்கும் தோளுக்கும். நூறு கஜ மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொருவர் நின்று மோதிக்கொள்கிறார்கள். 1869-ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளின் பையன்கள் ஆடியதுதான் முதல் ஆட்டம் என்பார்கள். இன்று அது ஒரு மதம் மாதிரி. பருவம் ஆகஸ்டுக் கடைசியில் ஆரம்பித்து ஜனவரியில் முடிகிறது. நடுவே, வசந்த காலத்தில், ஒவ்வொரு கல்லூரி அணிக்கும் பதினைந்து நாள் பயிற்சி உண்டு. அதன் முடிவில் அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பார்கள். ஸ்க்ரிம்மேஜ் என்று பெயர். சுத்தத் தமிழில் சொன்னால், ஒத்திகை.

ஒத்திகைதானே, யார் வரப்போகிறார்கள் என்று கேட்கிறீர்களா? 2016-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தின் வசந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,00,189 பேர்!

சில வருஷங்களுக்கு முன் நானும் அந்த ஊரில், கொலம்பஸில், என் மருமான் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். குதிரை லாடத்தின் வடிவத்தில் 1922-ல் கட்டிய அந்தப் பிரம்மாண்டமான மைதானத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனான். வெயில் இதமாக இருந்தது. குழந்தைகளும் கிழவர்களும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் ஒரு திருவிழாவுக்கு வந்த சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது. மருமானின் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் கூடினார்கள். ஒவ்வொரு பையனாக எடுத்து வைத்துக்கொண்டு அறுக்கத் தொடங்கினார்கள். ‘இவனுக்குக் கையில் பலம் இருக்கிறது, தலையில் சரக்கில்லை.’ ‘அவனுக்கு இடுப்பு வளையவில்லை.’ ‘போன வருஷம் இவனுக்காகவா அவ்வளவு அலைந்தார்கள்? வீண்.’ ‘இவன் தேற மாட்டான், வேறு கல்லூரி பார்த்துக்கொண்டு போனால் நல்லது.’ மாட்டுச் சந்தையில் தரகர்கள் கூடச் சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, இரண்டடி நடக்கவிட்டு விலை சொல்லுவார்கள். இவர்களுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் மதிப்பெண் விழுந்தது.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மாமா?” என்றான் மருமான்.

“அந்தப் பத்தாம் நம்பர்ப் பையனுக்கு என்ன வயசுடா?” என்று கேட்டேன்.

“பதினெட்டு இருக்கும்.”

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

முதலாவதாக, இந்த மதிப்பீட்டில் அறிவே இல்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: ஒரே அணி தனக்குத் தானே ஆடிக்கொள்ளும் ஆட்டத்தில் என்ன தெரியும்? பந்தை எறிகிறவன் பிரமாதமாக எறிந்தால், தடுக்கிறவன் சோடையா? தடுக்கிறவன் பிரமாதமாகத் தடுத்தால், எறிகிறவன் சோடையா? இடது கை வலது கையோடு பலம் பார்த்தால் ஜெயித்தது எந்தக் கை என்று யார் சொல்ல முடியும்? அன்றைக்கு அந்தக் கூடத்திலேயே இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி, ‘நம்முடைய தாக்குதல் மகா பயங்கரம்’ என்றது. இன்னொரு கட்சி, அதே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘நம்முடைய தற்காப்பு ஓட்டைச் சல்லடை’ என்று அழுதது. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் ஒன்றே!

போகட்டும். ஆட்டத்தை நடத்துகிற பையனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். பந்து அவன் கைக்குத்தான் முதலில் வரும். எதிரிகள் மலை மாதிரி சரிந்து தன் மேல் விழப்போகிறார்கள் என்று தெரிந்தும் நிதானம் இழக்காமல் பார்த்து எறிவதில்தான் அவனுடைய திறமை இருக்கிறது. வசந்த ஆட்டத்தில் அவனுக்கு வேறு நிறச் சட்டை போட்டு விடுகிறார்கள். அவனைத் தொடக் கூடாது என்று அர்த்தம். யாராவது கிட்ட வந்தாலே விசில் ஊதிவிடுவார்கள். பிராண பயத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்வான் என்பதுதான் கேள்வி. பிராண பயத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் தேடுகிறார்கள். போதாக்குறைக்கு, பயிற்சியாளர்கள் தங்களுடைய நல்ல தந்திரங்களை அன்று வெளியில் எடுப்பதில்லை. போட்டிக் கல்லூரிகள் பார்த்துவிடுமே! பழைய ஆட்டக்காரர்களில் பலரைக் காயம் பட்டுவிடக் கூடாதென்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். சரக்கை உள்ளே பூட்டிவிட்டுக் கடையைத் திறந்து வைத்தால், அலமாரியைப் பார்த்து வியாபாரத்தை எடை போடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

இரண்டாவதாக, இந்த மதிப்பீடு பலிப்பதும் இல்லை. ஒரு கதை சொல்கிறேன். நான் எழுதுகிற கதை அல்ல, நடந்த கதை.

ஜோ பர்ரோ என்று ஒரு இளைஞர். ஒஹையோவிலேயே வளர்ந்தவர். 2015-ல் அந்த மாநிலப் பல்கலைக் கழக அணியில் சேர்ந்து மூன்று வருஷம் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றார். 2017-ல் அவருடைய கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் ட்வேன் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் முன்னுக்கு வந்தார். 2018 வசந்தத்தில் இருவரில் யார் என்பதுதான் ஊர்ப் பேச்சு. ஏப்ரலில் ஒத்திகை ஆட்டம் நடந்தது. மே மாதத்தில் பர்ரோ பட்டத்தை வாங்கிக்கொண்டு லூயிசியானா மாநிலப் பல்கலைக் கழகத்துக்குப் போய்விட்டார்.

அங்கே முதல் வருஷம் சுமார்தான். இரண்டாம் வருஷம், 2019-ல், அறுபது டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். அணி பதினைந்து ஆட்டம் ஆடிப் பதினைந்திலும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆயிற்று. அந்த வருஷத்தின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசும் அவருக்கே கிடைத்தது.

‘பார்த்தீர்களா, ஒஹையோக்காரர்கள் ஏமாந்துவிட்டார்கள்!’ என்று நீங்கள் சொல்லக் கூடும். அதுவும் தப்பு. அவர்கள் வைத்துக்கொண்ட ஹாஸ்கின்ஸ், 2018 பருவத்தில் ஐம்பது டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். அணி பதினாலு ஆட்டத்தில் பதின்மூன்றை ஜெயித்தது. அதாவது, அந்த வசந்தத்தில் ஒரே மைதானத்தில் இரண்டு ரத்தினங்கள் இருந்தன. ‘யார் தேறுவான், யார் தேறமாட்டான்’ என்ற கேள்வியே பிசகு. ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் பயிற்சியாளருக்கு உண்டு, நாற்காலி ஒன்றுதான். மற்றவனைச் சோடை என்று சொல்லும் நிர்ப்பந்தம் நமக்கு எங்கிருந்து வந்தது?

ஹாஸ்கின்ஸ் 2022 ஏப்ரலில், ஃபுளோரிடாவில் ஒரு சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்து போனார். வயது இருபத்து நாலு. அவ்வளவு சின்ன ஆயுளில் எத்தனை வசந்தங்களை மற்றவர்களுடைய தராசுத் தட்டில் உட்கார்ந்து கழித்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

இன்னொருவர், ஸ்டெட்ஸன் பென்னட். 2017-ல் ஜார்ஜியா பல்கலைக் கழக அணியில் உதவித்தொகை இல்லாமல் ஒட்டிக்கொண்டார். மறு வருஷம் மிஸிஸிப்பியில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய் ஆடினார். 2019-ல் திரும்பி வந்தார். 2022 ஜனவரியிலும் 2023 ஜனவரியிலும் ஜார்ஜியா தேசிய சாம்பியன் ஆனபோது ஆட்டத்தை நடத்தியவர் அவர்தான். அவருடைய முதல் வசந்தத்தில் அவருக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்? பெயரையே குறித்திருக்க மாட்டார்கள்!

இனி எதிர்க்கட்சி வக்கீல்களின் வாதத்தையும் கேட்போம். ‘இப்போது இந்தப் பையன்கள் பணம் வாங்குகிறார்கள். கூலி வாங்குகிறவனை விமரிசனம் செய்யக் கூடாதா?’ என்பார்கள். வாஸ்தவம். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் விற்று அவர்கள் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே வருமானத்தில் பங்கு கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர். இத்தனை காலம் அவர்கள் வியர்வையில் பிறர் தின்றதற்கு இது நியாயமே. ஆனால் அந்தப் பணம் எல்லார் மடியிலும் சமமாக விழுவதில்லை. பேருக்குக் கூடக் கிடைக்காதவர்கள் பலர். கிடைத்தவர்கள் விஷயத்திலும் ஒன்று கேட்கிறேன்: பணம் கொடுத்ததால் ஒத்திகை நாடகமாகிவிடுமா? செப்டம்பரில் வாருங்கள். நிஜமான எதிரி, நிஜமான மோதல். அன்று கைதட்டுங்கள், அன்று ‘சரியில்லை’ என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது நாலைந்து மாதப் பொறுமைதான்.

‘நாங்கள் பிரியத்தினால் பேசுகிறோம்’ என்று இன்னொரு வாதம். பிரியமாம்! அந்தப் பிரியத்தின் விளைவையும் பார்ப்போம். நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்தில் 2025-ல் வழக்கமான வசந்த ஆட்டத்தையே கைவிட்டார்கள். அதற்கு முன் வருஷம் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்களாம்; அதைப் பார்த்த பிற கல்லூரிகள் நல்ல பையன்களுக்குத் தூண்டில் போட ஆரம்பித்துவிட்டன என்று பயிற்சியாளர் சொன்னார். ஏப்ரலில் மாறிப் போவதற்கு இருந்த அந்த வாசலும் 2026-லிருந்து அடைபட்டு, ஜனவரியில் மட்டும் திறக்கிறது. ஆகவே இனிமேல், வசந்தத்தில் ‘தேறமாட்டான்’ என்று ஊர் முத்திரை குத்திய பையன், அதே ஊரில், அதே முத்திரையோடு ஒரு பருவம் முழுவதும் குப்பை கொட்டியாக வேண்டும். தபால்காரர் முதல் வகுப்புத் தோழன் வரை எல்லாருக்கும் அவனுடைய மதிப்பெண் தெரியும். நமக்கு ஒரு சாயங்காலப் பேச்சு. அவனுக்கு ஒரு வருஷ வாழ்க்கை.

இதில் எனக்கு என்ன இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில், அடித்தும் திருத்தியும் முடிவு எழுதாமலும் வைத்திருந்த ஒரு கதையின் கைப்பிரதியை, நான் இல்லாத சமயத்தில் ஒரு பெரியவர் எடுத்துப் படித்துவிட்டார். ‘பையனுக்கு எழுத்து வராது’ என்று நாலு பேரிடம் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. என்னிடம் பிரியம் உள்ளவர்தான். அந்த நாலு வார்த்தையைத் தாண்டி மறுபடி பேனாவை எடுக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. எடுத்தேன், ஆகையால் இன்று இதை எழுதுகிறேன். எடுக்காமலே போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாது.

வசந்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. இதே நெப்ராஸ்காவில், 2013 ஏப்ரலில், மூளையில் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சட்டை மாட்டி மைதானத்துக்குள் கொண்டு வந்தார்கள். பந்தை அவன் கையில் கொடுத்தார்கள். முதலில் திசை தெரியாமல் தடுமாறினான். ஆட்டக்காரர் ஒருவர் திருப்பிவிட்டார். அறுபத்தொன்பது கஜம் ஓடினான். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அவனைத் துரத்துகிற மாதிரி கூடவே ஓடி, முடிவில் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அறுபதினாயிரம் பேர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சிறுவன் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் போல இருந்து, 2025 ஜனவரியில், பத்தொன்பதாவது வயதில் காலமானான்.

அன்று அவனைத் தடுக்கத் தவறிய பதினொருவருக்கு யாராவது மதிப்பெண் போட்டார்களா? போடவில்லை. ஒத்திகையை ஒத்திகையாகப் பார்க்க அந்த அறுபதினாயிரம் பேருக்கும் அன்றைக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் தெரிந்தது மறு வருஷம் ஏன் மறந்து போக வேண்டும்?