அமால்கம் தடையும் ஆய்வுக்கு வராத முதியோர் வாயும்

மினமாட்டா உடன்படிக்கை நாடுகளின் ஆறாம் மாநாடு 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, பல் அமால்கத்தை 2034-க்குள் உலகெங்கும் கைவிடுவது என்று முடிவெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு முந்திக்கொண்டது. 2018 ஜூலை முதல் அங்கே 15 வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு மட்டும் இருந்த தடை, 2025 ஜனவரி 1 முதல் எல்லா வயதினருக்கும் விரிந்தது. குறிப்பிட்ட நோயாளியின் மருத்துவத் தேவைக்காக மிகவும் அவசியம் என்று பல் மருத்துவர் கருதினால் மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள். எனவே இம்முடிவு சென்னையின் பல் மருத்துவமனையையும் யாழ்ப்பாணத்தின் கிளினிக்கையும் ஒருசேரத் தொடும்.

பாதரசத்தைச் சுற்றுச்சூழலிலிருந்து அகற்றும் நோக்கம் சரியானது. அதில் இவ்விதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அமால்கத்துக்குப் பதிலாக வரும் பொருள்கள் யாருடைய வாயில், எந்த வயதில் சோதிக்கப்பட்டன என்பதுதான் கேள்வி. தடை விதித்த ஆவணங்கள் அதற்கு விடை தரவில்லை.

அமால்கத்தையும் காம்போசிட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சமவாய்ப்புச் சோதனைகளில் எடை மிக்கவை இரண்டு. ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து சிறுவர் அமால்கம் சோதனை: 6 முதல் 10 வயது வரையிலான 534 குழந்தைகள். மற்றது லிஸ்பனின் காசா பியா பள்ளிகளில் 8 முதல் 10 வயது வரையிலான 507 குழந்தைகளிடம் நடந்தது. இரண்டின் முடிவுகளும் 2006-ல் வெளிவந்தன. இரண்டும் தொடங்கப்பட்டது பாதரசத்தின் பாதுகாப்பை அறியத்தான். அமால்கம் வைத்த குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் கூடியிருந்தது. நுண்ணறிவிலும் நரம்புச் செயல்பாட்டிலும் பொருள்படும் வேறுபாடு காணப்படவில்லை. அடைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது இச்சோதனைகளின் துணை விளைவாகக் கிடைத்த அறிவு. லிஸ்பனில் 7 ஆண்டு முடிவில் அமால்கத்தில் 94.4 சதவீதம் நிலைத்தது, காம்போசிட்டில் 85.5 சதவீதம். காம்போசிட்டின் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழும் ஆபத்து மூன்றரை மடங்கு. பின்னர் காக்ரேன் மதிப்பாய்வு பின்பற்றத்தக்க முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டதும் இவ்விரு சோதனைகளையே. ஆக, பின்பல் அடைப்புப் பொருளைப் பற்றிய நமது திடமான அறிவு முழுவதும் பள்ளிச் சிறாரின் வாயிலிருந்து வந்தது.

2018-ன் தடை முதன்மையாகக் குழந்தைகளைப் பற்றியது. குழந்தைகளிடம் ஆய்வும் இருந்தது. 2025-ன் தடையும் 2034-ன் கெடுவும் வயதுவந்தோரையும் முதியோரையும் பற்றியவை. அவர்களிடம் அந்தத் தரத்தில் ஆய்வு இல்லை. எட்டு வயதுக் குழந்தையின் முதல் கடைவாய்ப்பல் முழு எனாமல் விளிம்போடும் நிறைந்த உமிழ்நீரோடும் இருக்கிறது; அதில் கிடைத்த எண்ணை எண்பது வயதுக்காரரின் வேர்ச் சொத்தைக்கு எடுத்துப் பொருத்துவது அறிவியல் ஆகாது.

அந்த எண்பது வயது வாயின் நிலையைப் பல் மருத்துவர் ஒவ்வொருவரும் அறிவர். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலை (pH) சுமார் 5.5 என்றால், வேரின் டென்டின் 6.2-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். இரத்த அழுத்த மருந்தும் மனச்சோர்வு மருந்தும் சேர்ந்து உமிழ்நீரை வற்றச் செய்கின்றன. சொத்தையின் கீழ்விளிம்பு ஈறுக்குள் மறைந்திருக்கும். ரப்பர் டேம் நிற்காது. ஈரத்தை முழுவதும் விலக்க முடியாது. காம்போசிட்டின் ஒட்டுதல் நம்பியிருப்பதோ வறண்ட எனாமலை. அமால்கம் ஈரத்தைப் பொறுத்துக்கொண்டதாலேயே இந்த வாய்களில் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது. அதன் இடத்தில் எது நிற்கும்? கண்ணாடி அயனோமரா, பிசின் கலந்த அயனோமரா, காம்போசிட்டா, அடைக்காமல் வெள்ளி டையமின் ஃபுளோரைடு பூசி நிறுத்துவதா? முதியோரிடம் பெரிய அளவில், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து, இவற்றை அமால்கத்தோடு ஒப்பிட்ட சோதனை ஒன்றையேனும் காட்டிய பின்னரே கெடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதியோரிடம் சோதனை நடத்த முடியாது என்பது வெறும் பேச்சு. ஹாங்காங் பல்கலைக்கழகத்தினர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 306 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்றாண்டு பின்தொடர்ந்தனர். முடிவுகள் 2010-ல் வெளியாயின. வாய்ச் சுகாதார அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்குச் சராசரியாக 2.5 புதிய வேர்ச் சொத்தைப் பரப்புகள் உண்டாயின. அதனோடு குளோர்ஹெக்சிடின் வார்னிஷ் பெற்றவர்களுக்கு 1.1, சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பெற்றவர்களுக்கு 0.9, வெள்ளி டையமின் ஃபுளோரைடு பெற்றவர்களுக்கு 0.7. இல்லவாசிகள் பலர் இடையில் இறந்தார்கள், இடம் மாறினார்கள். எனினும் இருநூறு பேருக்கு மேல் கடைசிப் பரிசோதனை வரை நின்றார்கள். அயர்லாந்தின் கார்க் நகரில் 65 முதல் 90 வயது வரையிலான 99 பேரிடம், கைக்கருவியால் மட்டும் சுரண்டி அடைக்கும் ஏஆர்டி முறையும் வழக்கமான முறையும் ஒப்பிடப்பட்டன. ஈராண்டு முடிவில் ஏஆர்டி அடைப்புகளில் 85 சதவீதமும் வழக்கமானவற்றில் 91 சதவீதமும் நிலைத்திருந்தன. வேறுபாடு புள்ளியியல் முறையில் பொருள்படவில்லை. நாற்காலியில் நெடுநேரம் சாய்ந்திருக்க முடியாதவருக்கு இந்த முடிவு எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 99 பேரிடம் கிடைத்த விடையை வைத்து ஒரு நாட்டின் கொள்கையை எழுத முடியாது.

குழந்தைப் பல் மருத்துவம் எவ்வளவு முன்னே போய்விட்டது என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். பால் பல் சொத்தையைச் சுரண்டாமல், ஊசி போடாமல், எஃகு கிரீடத்தைப் பொருத்தி மூடும் ஹால் முறை ஸ்காட்லாந்தின் சாதாரணக் கிளினிக்குகளில் 132 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. ஐந்தாண்டில் பெரும் தோல்வி அதில் 3 சதவீதம், வழக்கமான அடைப்பில் 16.5 சதவீதம். பின்னர் பிரிட்டனின் ஃபிக்ஷன் சோதனை 3 முதல் 7 வயது வரையிலான 1,144 குழந்தைகளை மூன்று சிகிச்சை வழிகளில் ஒதுக்கிப் பார்த்து, வலியிலும் தொற்றிலும் வேறுபாடு இல்லை என்று கண்டது. அடைக்கலாமா வேண்டாமா என்பதையே கேள்வியாக்கும் துணிவு அங்கே இருந்தது, அதற்குப் பணமும் கிடைத்தது. ஒரு காலத்தில் குழந்தைகளையும் ஆய்வுக்கு உகந்தவர்களாக யாரும் எண்ணவில்லை.

கர்ப்பிணிகள் நிலையும் அதுதான். ஆய்வுத் திட்டங்களின் விலக்குப் பட்டியலில் அவர்கள் எப்போதும் முதலிடத்தில் இருந்தார்கள். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஈறுநோய்ச் சிகிச்சையைப் பிரசவத்துக்கு முன் தருவதா பின் தருவதா என்று சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. குறைமாதப் பிரசவம் குறையவில்லை, ஆனால் சிகிச்சையால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு இல்லை என்பது தெளிவாயிற்று. 'கர்ப்பத்தில் பல்லைத் தொடக்கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கும்போது இன்று பல் மருத்துவர் எடுத்துச் சொல்ல ஒரு சான்று இருக்கிறது. விலக்கப்பட்டவர்களைச் சேர்த்ததால் வந்த சான்று அது.

முதியோரை விலக்கச் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: ஒப்புதல் தரும் திறன் ஐயத்துக்குரியது, பல மருந்துகள் குழப்பம் தரும், தொடர் பரிசோதனைக்கு வர மாட்டார்கள், இடையில் இறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. ஒப்புதலுக்குச் சட்டப்படியான பிரதிநிதி இருக்கிறார். பல மருந்து உண்பதுதான் அந்த வயதின் இயல்பு; அதை விலக்கினால் ஆய்வு யாருக்கும் பொருந்தாது. அவர்கள் வர முடியாவிட்டால் ஆய்வாளர் வீட்டுக்கும் இல்லத்துக்கும் போகலாம். இடையில் நேரும் மரணத்தைப் போட்டி நிகழ்வாகக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை இருக்கிறது. நோயாளி இறக்கும்வரை அடைப்பு வலியின்றி நின்றதென்றால் அது வெற்றி. அதைத் 'தொடர் இழப்பு' என்று பதிவு செய்வது ஆய்வாளரின் குறை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நிலை மாறாததற்குப் பொறுப்பு அதிகார அமைப்புகளுடையது. வாய்நலக் கணக்கெடுப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வயதுப் பிரிவுகள் 5, 12, 15, 35–44, 65–74. 75-க்கு மேற்பட்டவர் அதில் எண்ணப்படுவதில்லை. 2002–03-ல் இந்தியாவில் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பும் இதே பிரிவுகளைப் பின்பற்றியது. எண்ணப்படாதவருக்குத் திட்டம் எப்படி வரும்? பல் மருத்துவத்தின் முதுநிலைப் பிரிவுகள் இந்தியாவில் ஒன்பது. குழந்தைப் பல் மருத்துவத்துக்கு ஒன்று உண்டு, முதியோர் பல் மருத்துவத்துக்கு ஒன்றும் இல்லை. முதியோர் விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். எம்.டி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும். அதில் நோயாளிகளைச் சேர்க்கும் வயது வழக்கமாக 18 முதல் 60. அறுபதில் ஏன் நிறுத்தினீர்கள் என்று நெறிமுறைக் குழுக்கள் கேட்பது அரிது. அறுபதைத் தாண்டிச் சேர்த்தால் மட்டும் கேள்வி வரும்.

புதிய அடைப்புப் பொருள்களின் உரிமமும் இதே பாதையில் போகிறது. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு நிகரானது என்று காட்டிவிட்டால், மருத்துவக் கருவி விதிகளின்படி நோயாளிகளிடம் சோதனை கட்டாயமில்லை. ஆய்வுக்கூடத்தில் வளைவு வலிமையும் நீர் உறிஞ்சும் அளவும் அளந்தால் போதும். வறண்ட வாயில் வேர்மீது அது எத்தனை ஆண்டு நிற்கும் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. ஒரு பொருளைத் தடைசெய்ய நாள் குறிக்கும் அதிகாரத்துக்கு, அதன் இடத்தில் வருவதைச் சோதிக்க நிதி ஒதுக்கும் கடமையும் உண்டு. ஜெனீவாவில் கெடு மட்டும் குறிக்கப்பட்டது. இழப்பைச் சுமப்பவர் முதியவர்தான்: ஒருமுறை அடைத்து முடிய வேண்டியதை மறுமுறை அடைக்கக் கூடுதல் செலவு, கூடுதல் நேரம், துணைக்கு வரும் மகளின் ஒருநாள் கூலி.

சான்று வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. கையில் உள்ளவற்றுள் நம்பத்தக்கவை சில உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளோரைடு பற்பசையோடு வெள்ளி டையமின் ஃபுளோரைடையும் கண்ணாடி அயனோமரையும் சேர்த்தது. வேர்ச் சொத்தையைக் கடினப்படுத்துவதில் 5000 பிபிஎம் பற்பசை சாதாரணப் பசையைவிட மேலானது என்பது முதியோர் ஆய்வுகளில் தெரிந்தது. இந்தியக் கடைகளில் விற்கும் பசைக்கு உச்சவரம்போ 1000 பிபிஎம். ஆகவே உமிழ்நீர் வற்றிய நோயாளிக்கு அதிக ஃபுளோரைடைப் பல் மருத்துவரே எழுதித்தர வேண்டும். ஈறுக்குள் இறங்கிய வேர்ச் சொத்தைக்கு அயனோமரே இப்போதைக்கு ஏற்றது. பூச்சு விட்டுச்செல்லும் கருமை வெளியே தெரியாத இடத்தில், நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்து சம்மதித்தால், வெள்ளி டையமின் ஃபுளோரைடைத் தயங்காமல் பூசலாம். நன்றாக நிற்கும் பழைய அமால்கத்தைத் தடையின் பெயரால் தோண்டி எடுப்பது தவறு. தடை அதைக் கேட்கவில்லை, பாதரச ஆவி அதிகம் எழுவதும் தோண்டும்போதுதான்.

இவ்விதழுக்கு வரும் மருத்துவச் சோதனைக் கட்டுரைகள், அடுத்த தொகுதி முதல், உச்ச வயது வரம்பு வைத்திருந்தால் அதற்கான மருத்துவக் காரணத்தை முறைப் பகுதியிலேயே எழுத வேண்டும். 'ஒத்துழைப்புக் குறைவு' என்பது காரணமாக ஏற்கப்படாது. வயது 65 முதல் 74 வரை, 75-க்கு மேல் என்று பிரித்து முடிவுகளை அட்டவணையில் தர வேண்டும். இடையில் இறந்தவர்களின் அடைப்பு கடைசிப் பரிசோதனையில் இருந்த நிலையும் அதே அட்டவணையில் இடம்பெற வேண்டும்.