மருந்தினை விற்ற மொழி

சொல்லுக்கு வாழ்விக்கும் ஆற்றலும் உண்டு. வீழ்த்தும் ஆற்றலும் உண்டு. இலக்கியம் பயிலும் நாம் முன்னதைப் போற்றும் அளவிற்குப் பின்னதை ஆராய்வதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த மருந்து விளம்பரங்கள் இவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாகும்.

அம்மருந்துகளைப் ‘பேடண்ட் மருந்துகள்’ என்றனர். காப்புரிமை பெற விரும்புவோர் செய்முறையை வெளிப்படுத்துதல் வேண்டும். ஆனால், அவற்றுள் பெரும்பாலானவற்றின் உரிமையாளர்கள் பெயரை மட்டும் காத்துக்கொண்டு சேர்மானங்களை மறைத்தனர். ஆக, பெயரிலேயே பொய் தொடங்கிவிட்டது. சளிக்கு அருமருந்து எனப் புகழப்பெற்ற ‘பெரூனா’வில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு சாராயம் இருந்தது. அழும் குழந்தையை உறங்கவைத்த ‘மிஸஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப்’ மார்பின் கலந்தது. மதுவை வெறுத்தோர் இல்லத்திலும் மருந்தென்னும் பெயரால் மது நுழைந்தது.

விற்பனைக்குத் துணைநின்றது மொழியே. முதுகு வலிக்கிறதா, காலையில் சோர்வாக உள்ளதா என்று வினவினால் ‘இல்லை’ என்பார் யார்? வினாவே நோயாளியைப் படைத்தது. அடுத்து நற்சான்றுகள், பெரூனாவைப் புகழ்ந்தோருள் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். லிடியா பிங்கம் என்னும் அம்மையார் 1883இல் மறைந்தார். அதன் பின்னரும், அவருக்குக் கடிதம் எழுதி ஆலோசனை பெறுமாறு அவர் பெயரிலமைந்த மருந்தின் விளம்பரங்கள் பெண்களை அழைத்தன. 1905இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழ் அவருடைய கல்லறையின் நிழற்படத்தை வெளியிட்டு இவ்வேமாற்றினை அம்பலப்படுத்தியது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. மருந்து நிறுவனங்கள் நாளிதழ்களுடன் செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களில் ஒரு விதியைச் சிவப்பு மையில் அச்சிட்டன. அந்த மாநிலத்தில் இம்மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பதே அவ்விதி. வருவாயை இழக்க அஞ்சிய இதழ்கள் சட்டத்தை எதிர்த்தன. அல்லது வாய்மூடி இருந்தன. விளம்பரம் வாசகனை மட்டும் வாங்கவில்லை. ஆசிரியரின் எழுதுகோலையும் வாங்கியது என்பதே நம் கருத்து. இதனை 1905இல் ‘காலியர்ஸ்’ இதழில் மார்க் சல்லிவன் வெளிப்படுத்தினார். அதே இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தொடர்கட்டுரைகள் வரைந்தார். நோயைப் பரப்பிய அச்சு எந்திரமே மருந்தும் தந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1906ஆம் ஆண்டுச் சட்டம், சாராயம், அபின் முதலியன இருப்பின் அவற்றைச் சீட்டில் குறிப்பிட வேண்டுமென விதித்தது. எனினும் நாளிதழ் விளம்பரங்கள் அதன் பிடிக்குள் வரவில்லை. ‘நோயைத் தீர்க்கும்’ என்னும் பொய்யுரையும் அச்சட்டத்திற்குள் அடங்காதென 1911இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1912இல் திருத்தம் வந்தது; ஆனால் ஏமாற்றும் எண்ணத்தை மெய்ப்பித்தாக வேண்டும் என்றது. மருந்து பற்றிய பொய் விளம்பரங்களைத் தடுக்கும் தெளிவான அதிகாரம் வணிக ஆணையத்திற்கு 1938இல்தான் கிட்டியது. சட்டம் நடந்து செல்கிறது. விளம்பரமோ பறந்து செல்கிறது.

நம் நாட்டிலும் மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954இல் சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும் சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் அதே வினாக்கள், அதே நற்சான்றுகள்! நீரிழிவு அடியோடு நீங்கும் என்னும் சொல்லை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவோர் நம் தெருக்களிலும் உளர்.

இம்மலரும் வணிகப் பெருமக்களின் விளம்பரங்களால்தான் அச்சேறுகிறது என்பதை நாம் மறைக்கவில்லை, அவர்களுக்கு நன்றியுடையோம். பொருளை உள்ளவாறு அறிவித்தல் குற்றமன்று. உள்ளதை மறைத்தலும் இல்லாததை உரைத்தலுமே குற்றம். உவமையையும் உயர்வு நவிற்சியையும் செய்யுளில் கண்டு மகிழும் மாணவர்கள், அவற்றை விளம்பரத்தில் கண்டு விழிப்படைதல் வேண்டும். இதில் என்ன கலந்துள்ளது? சான்று கூறுபவர் யார்? சொல்லாமல் விட்டது எது? இம்மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவதும் தமிழ் வகுப்பின் கடமையே.