பத்து வெள்ளி விளக்கு

போன வாரம் பேத்தி கைப்பேசியில் ஒரு மேசை விளக்கு வாங்கினாள். சீனாவிலிருந்து வருகிறது. விலை 10 வெள்ளி, அதற்குமேல் பொருள் சேவை வரி 90 காசு. “இதுக்குமா தாத்தா வரி?” என்று அலுத்துக்கொண்டாள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. 2023 ஜனவரிக்கு முன்பு, 400 வெள்ளிக்குள் உள்ள பொருள் விமானத்திலோ அஞ்சலிலோ வந்தால் வரியே கிடையாது. அதே விளக்கைக் கப்பலில் இறக்கி இங்கே விற்பவர் மட்டும் வரி கட்டவேண்டும். இது என்ன நியாயம்? 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய வரி இது. அப்போது இணையத்தில் பொருள் வாங்குவோம் என்று யார் நினைத்தோம்? 2024இல் அது 9 ஆகிவிட்டது. சலுகை அப்படியே நீடித்திருந்தால் உள்ளூர்க் கடைக்காரர் இன்னும் நொந்துபோயிருப்பார். ஓட்டையை அடைத்தது சரிதான். என்னைக் கேட்டால், தாமதமாகத்தான் அடைத்தார்கள்.

ஆனால் இதனால் எங்கள் புளோக் கீழே இருக்கும் கடை பிழைத்துவிடுமா? மின்விளக்கு, குழாய், பூட்டு, துடைப்பம் என்று எல்லாம் விற்கும் சீனப் பெரியவர் அவர். எங்கள் பேச்சு என்றைக்கும் சந்தை மலாயில்தான். இதே மாதிரி விளக்கு அவரிடம் 18 வெள்ளி. 90 காசு கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன? அவருக்கு வாடகை இருக்கிறது. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை என்பது உண்மைதான். பதியாதவர் சரக்கு எடுக்கும்போது கொடுத்த வரியைத் திரும்பக் கேட்க முடியாது என்பதும் உண்மைதான்.

பேத்தியை மட்டும் சொல்லிப் பயனில்லை. போன வருடம் குக்கர் ரப்பர் வளையத்தை அவர் கடையில் வைத்து அளவு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைப்பேசியில் வாங்கியவன் நான். மிச்சம் பிடித்தது 3 வெள்ளி. ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு எங்கள் கழிப்பறைத் தொட்டி ஒழுகியபோது, பூட்டிய கடையைத் திறந்து சாமான் எடுத்துக்கொடுத்தவர் அதே பெரியவர்தான்.

விளக்கு நேற்று வந்தது. இரண்டு முள் பிளக். நம் சுவரில் நுழையவில்லை. இருவரும் கீழே போனோம். அடாப்டர் 2 வெள்ளி. பெரியவர் விளக்கைக் கையில் வாங்கி, மாட்டி எரியவிட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

பேத்தி என் முகத்தைப் பார்த்தாள்.