கூம்பின் அழகும் பயனும்

பழைய எஸ்.எல்.ஆர். படக்கருவிகளின் உச்சியில் நிற்கும் கூம்பைக் கண்டு, எதன் வடிவம் அழகியது என வாதிடுவார் பலர். கூம்பு மகுடமன்று; ஆடியில் இடவலம் மாறித் தோன்றும் உருவை நேராக்கிக் கண்ணுக்கு அளிக்கும் பட்டகத்தின் வீடு. வீட்டின் தரத்தை வெளிச்சுவரின் வண்ணமா உரைக்கும்?

1972இல் வெளிவந்து, பின்னர் ஓஎம்-1 எனப் பெயர் பெற்ற ஒலிம்பசின் கூம்பு தாழ்ந்தது, எழில் மிக்கது. ஆயின், அது பிரியாக் கூம்பு. உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு நாள்பட இளகிப் பட்டகத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடின், மேல்மூடியையே கழற்ற வேண்டும். 1959இல் வந்த நைக்கான் எஃப் கருவியின் கூம்போ பருத்தது. ஆயினும், பொத்தானை அழுத்தக் கழன்று வரும். பழுதுற்றதை நீக்கி வேறொன்றைப் பொருத்தலாம். படத்தில் பதிவது முழுவதையும் அது காட்டும். ஒலிம்பஸ் காட்டுவது 97 விழுக்காடே.

ஈரக்காற்று ஓயாத கோலசிலாங்கூரில் எது சிறந்ததென விளக்கவும் வேண்டுமோ? மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்ததே, ஆண்டு 1917. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை பரவியபோது, பல லயங்களும் மறைந்தன. அவ்வாழ்வின் சான்றுகளுள் நிழற்படங்களும் சில. எஞ்சியதையேனும் பதியவல்ல கருவியைக் கண்ணாடிப் பேழையுள் பூட்டி அழகு பார்ப்பது பேதைமை. அதனை மாணவர் கையில் கொடுப்பதே அறிவுடைமை.